முகம் சரி, ஆள் சரியா? அமெரிக்க எஞ்சினியர்கள், தொழிலதிபர்களின் பழைய படங்களைத் தேடி எடுக்கும் வழி

எடிசன் படம் ஒன்று வேண்டுமென்றால் இணையத்தில் பெயரைத் தட்டினால் போதும், நூற்றுக்கணக்கில் கொட்டும். எது எந்த வருடம் எடுத்தது, எடுத்தவர் யார், புத்தகத்தில் போடலாமா என்று கேளுங்கள். முக்கால்வாசிப் படங்களிடம் பதில் இருக்காது. பத்துப் பேர் கைமாறி, ஓரம் வெட்டுப்பட்டு, நிறம் ஏற்றப்பட்டு, பெயர் மாறி வந்து சேர்ந்தவை அவை.

கட்டுரை, பாடநூல், கண்காட்சிப் பலகை, விக்கிப்பீடியா என்று எதற்காகத் தேடினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். படம் எங்கிருந்து கிளம்பியதோ அந்த மூலத் தகட்டுக்கோ பிரிண்ட்டுக்கோ போய்ச் சேர வேண்டும். 1840-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட அமெரிக்க எஞ்சினியர்கள், ஆலை முதலாளிகள், கண்டுபிடிப்பாளர்களின் படங்களை வைத்து அந்த வழியைச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஆளை முடிவு செய்யுங்கள்

படம் தேடுவதற்கு முன்பே ஒரு துண்டுத்தாளில் முழுப்பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், வேலை பார்த்த ஊர், நிறுவனம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நான் பட்டிருக்கிறேன். புரூக்ளின் பாலம் பற்றிய ஒரு சிறு வெளியீட்டுக்கு ‘ரோப்ளிங்’ என்று தேடி, மகன் படம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா படத்தைப் போட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் எழுதித்தான் தெரிந்தது.

அந்தக் குடும்பத்தில் ஜான் ரோப்ளிங் (1806–1869) பாலத்தைத் திட்டமிட்டவர். இடத்தை அளந்துகொண்டிருந்தபோது கால் நசுங்கி, டெட்டனஸ் கண்டு, கட்டுமானம் தொடங்கும் முன்பே இறந்துபோனார். கட்டி முடித்தவர் மகன் வாஷிங்டன் ரோப்ளிங் (1837–1926). பாலம் திறந்தது 1883-இல். அதே குடும்பத்தில் இரண்டாம் வாஷிங்டன் ரோப்ளிங் என்று இன்னொருவர் உண்டு, அவர் 1912-இல் டைட்டானிக் கப்பலோடு போனவர். ‘புரூக்ளின் பாலத்தைக் கட்டியவர்’ என்ற குறிப்போடு வரும் படம் அப்பாவாகவும் இருக்கலாம், மகனாகவும் இருக்கலாம்.

வாஷிங்டன் நோயில் படுத்த காலத்தில் பால வேலைக்குத் துணையாக நின்றவர் மனைவி எமிலி. அவர் பெயரில் அதிகம் சுற்றும் படம் புகைப்படமே இல்லை. கரோலுஸ்-துரான் 1896-இல் தீட்டிய ஓவியம் அது, புரூக்ளின் மியூசியத்தில் இருக்கிறது. ஓவியத்தின் கறுப்பு வெள்ளை நகலைப் புகைப்படம் என்று நினைத்து ஏமாறுவது சாதாரணமாக நடக்கும்.

மோர்கன், டூபாண்ட், ஃபோர்டு போன்ற பணக்காரக் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயரும் மகனுக்கு அப்பா பெயரும் வைக்கும் வழக்கம் உண்டு. நம் ஊரைப் போலத்தான். அங்கே வருடம் ஒன்றே துணை.

படி 2: எஞ்சினியருக்கு ஒரு வழி, முதலாளிக்கு வேறு வழி

இந்த வித்தியாசம் புரிந்தால் தேடல் பாதியாகச் சுருங்கிவிடும். பெரிய தொழிலதிபர் உயிரோடு இருந்தபோதே செய்திக்குரியவர். கப்பலில் ஏறினால் படம், செனட் கமிட்டி முன் நின்றால் படம். அதனால் அவரைச் செய்தி நிறுவனங்களின் தொகுப்புகளிலும் நகரத்துப் பெரிய ஸ்டுடியோக்களிலும் தேடுங்கள். எஞ்சினியர் பெரும்பாலும் அப்படியில்லை. அவர் முகம் அச்சில் வந்தது, அவர் இறந்தபின் சங்கம் வெளியிட்ட இரங்கல் குறிப்போடுதான்.

முதலாளிகளுக்கு முதல் இடம் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் படப் பிரிவு. அதன் இணையப் பட்டியலில் நான்கு தொகுப்புகளைத் தனித்தனியாகத் தேடுங்கள், மொத்தமாகத் தேடினால் குப்பை சேரும்.

பெய்ன் தொகுப்பு: ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நியூயார்க்கில் நடத்திய செய்திப் பட நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள், சுமார் 40,000. பெரும்பாலானவை 1900-க்கும் 1920-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை. ஹாரிஸ் அண்ட் யூவிங்: 1905-இல் வாஷிங்டனில் தொடங்கிய ஸ்டுடியோ. தலைநகருக்கு வேலையாக வந்துபோன தொழிலதிபர்களை இதில் பிடிக்கலாம். பிராடி–ஹேண்டி: உள்நாட்டுப் போர்க்காலப் புகழ் மேத்யூ பிராடியும் அவர் மனைவிவழி உறவினரான லெவின் ஹேண்டியும் விட்டுப்போன நெகட்டிவ்கள். 1954-இல் ஹேண்டியின் மகள்களிடமிருந்து நூலகம் வாங்கியது. சி. எம். பெல் ஸ்டுடியோ: இதுவும் வாஷிங்டன்காரர்களுடையது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளையட்டை எந்திரம் செய்த ஹெர்மன் ஹாலரித்தின் இளவயதுப் படம் இந்த ஸ்டுடியோ எடுத்ததே.

இவை போக, பதிப்புரிமை பதிவதற்காக ஸ்டுடியோக்கள் அனுப்பிய பிரிண்ட்டுகள் அதே நூலகத்தில் குவிந்து கிடக்கின்றன. மார்சோ ஸ்டுடியோ எடுத்த ஆண்ட்ரூ கார்னகி (1913), ஹார்ட்சூக் எடுத்த ஹென்றி ஃபோர்டு (1919) இரண்டும் நூலகத்தின் கையில் உள்ளவை.

நிறுவனத்தின் உள்ளே எடுத்த படங்கள் வேண்டுமா? டெலவேரில் வில்மிங்டன் அருகே, 1802-இல் டூபாண்ட் வெடிமருந்து ஆலை தொடங்கிய அதே இடத்தில், ஹேக்லி மியூசியமும் நூலகமும் இருக்கின்றன. டூபாண்ட் மட்டுமல்ல, கைரோஸ்கோப் செய்த ஸ்பெரி நிறுவனத்தின் ஆவணங்களும் அங்கே உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் படங்களுக்கு நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடி நகரின் அறிவியல் மியூசியம், ஃபோர்டுக்கு டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூசியத்தின் பென்சன் ஃபோர்டு ஆய்வு மையம், எடிசனுக்கு வெஸ்ட் ஆரஞ்சில் உள்ள எடிசன் தேசிய வரலாற்றுப் பூங்கா.

இனி எஞ்சினியர்கள். சிவில் எஞ்சினியர்கள் சங்கம் 1852-இலும், சுரங்க எஞ்சினியர்கள் சங்கம் 1871-இலும், மெக்கானிக்கல் 1880-இலும், எலெக்ட்ரிக்கல் 1884-இலும் தொடங்கின. இவற்றின் நடவடிக்கை ஏடுகளில் மறைந்த உறுப்பினர்களுக்கு நினைவுக் குறிப்பு வரும். சிலவற்றில் படமும் இருக்கும். 1891 முதல் வெளிவந்த ‘கேசியர்ஸ் மேகசின்’ எஞ்சினியர்களின் முழுப்பக்கப் படங்களைப் போட்டது. இவை எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஹாத்தி டிரஸ்ட்டிலும் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. தேடுபெட்டியில் பெயரைப் போட்டுவிட்டு ‘இல்லை’ என்று வந்ததும் எழுந்துவிடாதீர்கள். பழைய அச்செழுத்தை மென்பொருள் தப்பாகப் படித்திருக்கும். அவர் இறந்த வருடத்துக்கும் அடுத்த இரண்டு வருடங்களுக்கும் உரிய தொகுதிகளைத் திறந்து, பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் பாதி இப்படித்தான் கிடைத்தன.

வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் டிப்னர் நூலகம் என்று ஒன்று உண்டு. பெர்ன் டிப்னர் என்ற எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர் தன் கம்பெனி லாபத்தில் சேர்த்த அறிவியல் நூல்களும் உருவப்படங்களும் அதன் அடித்தளம். சேர்த்தவரே எஞ்சினியரும் முதலாளியும் என்பதால், வேறு இடங்களில் சிக்காத இரண்டாம் வரிசைப் பெயர்கள் அங்கே சிக்கும்.

செய்தி நிறுவனங்கள் யாரைத் தேடிப் போகவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெல்லின் டெலிபோன் காப்புரிமைக்கு வரைபடம் போட்டு, பின்னர் எடிசனிடம் வேலை பார்த்த கறுப்பின வரைவாளர் லூயிஸ் லாட்டிமர் (1848–1928) அப்படிப்பட்டவர். அவர் காகிதங்கள் இருப்பது நியூயார்க்கின் குயின்ஸ் பொது நூலகத்தில். ராச்செஸ்டர் நகரத்தில் பல்சக்கரம் வெட்டும் எந்திரத் தொழிலை வளர்த்த கேட் கிளீசன் 1914-இல் மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்தின் முழு உறுப்பினரான முதல் பெண். இத்தகையவர்களுக்கு உள்ளூர் நூலகம், கல்லூரி, குடும்பக் காகிதம் என்று தேட வேண்டியிருக்கும். டாட்டா இரும்பாலைக்கு ஆலோசகராக இருந்த நியூயார்க் எஞ்சினியர் சார்ல்ஸ் பேஜ் பெரின் போன்றவர்கள் என்றால் ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா ஸ்டீல் ஆவணக் காப்பகத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

படி 3: பட்டியல் குறிப்பைப் படியுங்கள், படத்தை அப்புறம் பாருங்கள்

காங்கிரஸ் நூலகத்தின் குறிப்பில் தலைப்பு சதுர அடைப்புக்குள் இருந்தால், அது நூலகர் வைத்த பெயர். அடைப்பு இல்லையென்றால் படத்திலேயே எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. பெய்ன் நிறுவனத்தில் நெகட்டிவின் மேலேயே பெயரைக் கிறுக்கியிருப்பார்கள். அவசரத்தில் எழுதியது, எழுத்துப் பிழை சகஜம், முதலெழுத்து மட்டும் இருக்கும். 2008-இல் இந்தப் படங்களை நூலகம் ஃப்ளிக்கர் தளத்தில் போட்டபோது, வாசகர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவிப் பல பெயர்களையும் தேதிகளையும் திருத்திக் கொடுத்தார்கள். எனவே பெய்ன் படம் எதை எடுத்தாலும் அதன் ஃப்ளிக்கர் பக்கத்தின் கருத்துகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. ‘பதிப்புரிமை 1913’ என்று படத்தின் மூலையில் இருந்தால் அது பதிவு செய்த வருடம். கேமரா முன் உட்கார்ந்தது அதற்கு முந்தைய வருடமாகவும் இருக்கலாம்.

எடுத்தவர் பெயரும் அப்படியே. 1878 ஏப்ரல் 18 அன்று 31 வயது எடிசன் வாஷிங்டனுக்கு வந்து, தகரத்தாள் சுற்றிய போனோகிராஃபை (ஒலிப்பதிவு எந்திரத்தை) அறிவியல் அகாதமியில் பேசவைத்துக் காட்டினார். அதே பயணத்தில் பிராடியின் ஸ்டுடியோவில் அந்த எந்திரத்தோடு உட்கார்ந்து எடுத்த படம் உலகப் பிரசித்தம். பல இடங்களில் ‘மேத்யூ பிராடி’ என்று போடுகிறார்கள். எடுத்தவர் லெவின் ஹேண்டி. நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி 1896-இல் இறந்த பிறகும் அவர் ஸ்டுடியோ பெயர் தொடர்ந்தது. ஆகவே அட்டையில் உள்ள முத்திரை கடையைச் சொல்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சரோனி ஸ்டுடியோ’ என்று எழுதினால் தப்பு வராது.

படி 4: படத்தின் உடம்பைப் பார்த்து வயதைக் கணிக்க

குறிப்பில் தேதி இல்லாதபோது படம் எதன்மேல் இருக்கிறது என்பது பேசும்.

கண்ணாடி போல மின்னும் வெள்ளித் தகடு என்றால் டாகெரோடைப், 1840-களும் 50-களும். தந்திக்காரர் சாமுவேல் மோர்ஸ் 1839-இல் பாரிசில் அந்த முறையைக் கண்டுபிடித்த டாகெரை நேரில் சந்தித்து, ஊர் திரும்பி அந்த வித்தையை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பது இங்கே ஒரு சுவையான செய்தி. டாகெரோடைப் பெரும்பாலும் இடவலம் மாறியிருக்கும். கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி மேலே வரும். வலப்பக்கத் துணி மேலே இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. பின்னணியில் எழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏறக்குறைய 6 × 10 செ.மீ. அட்டை என்றால் கார்ட்-டி-விசிட், 1860-களின் மோகம். கிட்டத்தட்ட 11 × 16.5 செ.மீ. என்றால் கேபினட் கார்டு, 1866-க்குப் பின் வந்து நூற்றாண்டு முடியும்வரை ஓடியது. அட்டை மூலை கூராக இருந்தால் பொதுவாக 60-கள், வளைந்திருந்தால் அதற்குப் பின்.

பின்பக்கம் வருவாய்த் தலை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் புகைப்படத்துக்கு வரி போட்டார்கள். 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே அந்த வரி இருந்தது. இரண்டு வருடத்துக்குள் தேதி வந்துவிடும். சில கடைக்காரர்கள் ஸ்டாம்பின் குறுக்கே தேதியையே எழுதி அடித்திருப்பார்கள். அதனால்தான் ஸ்கேனில் பின்பக்கமும் இருக்கிறதா என்று எப்போதும் பார்க்கச் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் ஸ்டுடியோ முகவரி இருந்தால் அந்த ஊரின் பழைய டைரக்டரியில் எந்த வருடங்களில் அந்தக் கடை அங்கே இருந்தது என்று பார்க்கலாம். ஆனால் அட்டையின் வயது முகத்தின் வயது ஆகாது. ஸ்டுடியோக்கள் பழைய டாகெரோடைப்பையே மறுபடி படமெடுத்துப் புது அட்டையில் ஒட்டி விற்றன. 1870-களின் அட்டையில் 1850-களின் முகம் இருக்கும்.

பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகை அச்சு. புகைப்படமே கிடைக்காத எஞ்சினியர்களுக்கு அதுதான் கதி, குறையில்லை. பெரிதாக்காமல் சிறியதாகவே போடுங்கள்.

படி 5: ஆள் அவர்தானா?

குறைந்தது இரண்டு, ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூலங்கள் வேண்டும். ஒரே பிழையை நூறு தளங்கள் சொன்னாலும் மூலம் ஒன்றுதான்.

1921 ஏப்ரல் 23-இல் ஐன்ஸ்டைன் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த ஆர்சிஏ வானொலி நிலையத்தைப் பார்க்கப் போனார். எஞ்சினியர்கள் பலர் சுற்றி நின்று ஒரு குழுப்படம் எடுத்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ் ஐன்ஸ்டைன் பக்கத்தில் நிற்கிறார். இந்தப் படம் பின்னர் இரண்டு விதமாகக் கெட்டது. மற்ற எல்லாரையும் அழித்து, இரண்டு மேதைகள் தனியே சந்தித்ததுபோல ஒரு வடிவம் வந்தது. இன்னொன்றில், குழுவில் நிற்கும் ஏடி அண்ட் டி எஞ்சினியர் ஜான் கார்சனை நிக்கோலா டெஸ்லா என்று சொல்லிச் சுற்றவிட்டார்கள். டெஸ்லா அங்கே இல்லவே இல்லை. இன்றும் வாட்ஸ்அப்பில் ‘ஐன்ஸ்டைனும் டெஸ்லாவும்’ என்று அது வருகிறது.

இப்படி ஒரு சந்தேகம் வந்தால் முதலில் கூகுள் லென்சிலோ டின்ஐயிலோ படத்தைக் கொடுத்து, வெட்டப்படாத முழு வடிவத்தைத் தேடுங்கள். யாரை எங்கே வெட்டினார்கள் என்பதே பாதி பதில். பிறகு அதே ஆளின் உறுதியான வேறொரு படத்தோடு காது மடல், நெற்றியில் முடி தொடங்கும் கோடு, மூக்கு நுனி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். தாடியை நம்பவே கூடாது, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தாடி.

படி 6: யாருக்காக எடுத்த படம் என்று கேளுங்கள்

படம் அசல், ஆள் சரி. ஆனாலும் நடந்தது வேறாக இருக்கலாம்.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வுக்கூடத்தில் மின்னல்கள் சீறிப்பாய, டெஸ்லா நாற்காலியில் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1899 டிசம்பரில் டிக்கன்சன் ஆலி எடுத்தது. ஒரே தகட்டில் இரண்டு தடவை ஒளி விழச்செய்தார்கள். இருட்டில் எந்திரத்தை ஓட்டி மின்னலைப் பதிந்தது ஒரு தடவை, எந்திரத்தை நிறுத்திவிட்டு டெஸ்லாவை உட்காரவைத்து எடுத்தது இன்னொரு தடவை. அந்த மின்னலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார். இரட்டைப் பதிவு என்று டெஸ்லாவே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். ‘மின்னலுக்கு நடுவே டெஸ்லா’ என்று மட்டும் தலைப்புப் போட்டால் அவரைவிட நாம் பெரிய பொய்யர் ஆகிவிடுவோம்.

எடிசனின் 1888 ஜூன் 16 விடியற்காலைப் படமும் அந்த ரகமே. தூங்காமல் போனோகிராஃபைச் சரிசெய்து முடித்தவர் தலையைக் கையில் தாங்கி, நெப்போலியன் பாணியில் உட்கார்ந்திருக்கிறார். களைப்பு உண்மையாகவே இருந்திருக்கும். கேமராவும் தயாராக இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

நேரெதிரான கதை ஜே. பி. மோர்கனுடையது. கார்னகியின் இரும்பு ஆலைகளை வாங்கி 1901-இல் யு.எஸ். ஸ்டீலை உருவாக்கியவர். ஓவியர் ஒருவருக்கு உதவியாகப் படமெடுக்க 1903-இல் எட்வர்ட் ஸ்டைக்கனுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே கொடுத்தார். வந்த படத்தில் கையில் கத்தி பிடித்திருப்பதுபோலத் தெரியும். அது நாற்காலிக் கைப்பிடியில் விழுந்த வெளிச்சம். மோர்கனுக்குப் படம் பிடிக்கவில்லை, கொடுத்த பிரிண்ட்டைக் கிழித்தார். தோல் நோயால் பருத்திருந்த தன் மூக்கை டச்சப் செய்த படங்கள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. மோர்கனின் மூக்கு சாதாரணமாகத் தெரியும் படம் எதுவானாலும், யாரோ தூரிகை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 7: போடலாமா?

நான் வக்கீல் இல்லை. பெரிய அச்சு வேலைக்கு வக்கீலைக் கேளுங்கள். அடிப்படை இதுதான்.

அமெரிக்காவில் அக்காலப் படம் வெளியான வருடத்தோடு 95-ஐக் கூட்டுங்கள். அந்தக் கூட்டு வருடம் முடிந்து அடுத்த ஜனவரி 1-இல் அது பொதுக்களத்துக்கு, அதாவது யாரும் எடுத்தாளும் நிலைக்கு வந்துவிடும். 1929-இல் வெளியானது 2025 ஜனவரி 1-இல் வந்தது. அதற்குப் பின், 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ஆம் வருடம் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். பல ஸ்டுடியோக்கள் புதுப்பிக்கவில்லை, ஆனால் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. ‘எடுத்த வருடம்’ வேறு, ‘வெளியான வருடம்’ வேறு. குடும்ப ஆல்பத்திலேயே கிடந்த படத்துக்கு, எடுத்தவர் இறந்து 70 வருடம் என்று கணக்கு மாறும். எடுத்தவர் பெயரே தெரியாவிட்டால் எடுத்ததிலிருந்து 120 வருடம். இந்தியாவில், 2012 சட்டத் திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளோடு 60 வருடம்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர் வேலையாக எடுத்த படத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. ஹூவர் அணையைக் கட்டியவர்களை அரசின் ரெக்லமேஷன் பீரோ எடுத்த படங்கள் இந்த வகை. ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களைத் தடையில்லாமல் திறந்துவிட்டது. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் அதில் அடங்காது. படத்தின் அருகே, உரிமை எதுவும் கோரவில்லை என்று சொல்லும் ‘சிசி0’ குறி இருக்கிறதா என்று பாருங்கள். காங்கிரஸ் நூலகம் ‘வெளியிடத் தடை இருப்பதாகத் தெரியவில்லை’ என்று எழுதும். அது அனுமதிச் சீட்டு இல்லை, நூலகத்துக்குத் தெரிந்தவரை சொல்வது. நடைமுறையில் அதை நம்பித்தான் எல்லாரும் போடுகிறோம்.

பொதுக்களப் படத்தின் நகலை விற்கும் கம்பெனிகள் தங்கள் பெயரை நீர்முத்திரையாக அடித்துக் காசு கேட்கும். தட்டையான பழைய படத்தை அப்படியே நகலெடுத்தால் புதிய பதிப்புரிமை பிறக்காது என்று 1999-இலேயே நியூயார்க் மத்திய நீதிமன்றம் பிரிட்ஜ்மன் வழக்கில் சொல்லிவிட்டது. விற்பவரிடம் போகும் முன் அதே படம் நூலகத்தில் சும்மா கிடைக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

விளம்பரத்துக்கு என்றால் கதை வேறு. இறந்தவரின் முகத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த வாரிசுகளுக்கு உரிமை தரும் மாநிலங்கள் உண்டு. கலிபோர்னியாவில் அது 70 வருடம்.

படி 8: இறக்கி, பெயரிட்டு, குறிப்பெழுதி

காங்கிரஸ் நூலகத்தில் பல அளவுகளில் கோப்பு இருக்கும். டிஃப் கோப்பையே எடுங்கள், பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தொடாமல் ஓரமாக வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயர், வருடம், நிறுவனம், படத்தின் அடையாள எண் நான்கும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஆசிரியர் ‘இது எங்கே எடுத்தது?’ என்று கேட்கும்போது தேட வேண்டாம்.

தூசி, கீறல் நீக்கலாம். முகத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பக்கம் போகாதீர்கள். அவை இல்லாத இமையையும் பல்லையும் தாங்களே வரைந்து வைக்கின்றன. நிறம் ஏற்றியே தீர வேண்டுமென்றால் படத்தின் கீழே அதைச் சொல்லிவிடுங்கள். நெகட்டிவின் ஓரத்தில் கிறுக்கிய பெயரை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள், சான்றே அதுதான்.

படக்குறிப்பை இப்படி எழுதலாம்: ‘தாமஸ் எடிசன், தகரத்தாள் போனோகிராஃபுடன், பிராடி ஸ்டுடியோ, வாஷிங்டன், ஏப்ரல் 1878. படம்: லெவின் ஹேண்டி. பிராடி–ஹேண்டி தொகுப்பு, காங்கிரஸ் நூலகம்.’ தேதி உறுதி இல்லையென்றால் ‘சுமார்’ போடுங்கள். ஆள் உறுதி இல்லையென்றால் ‘எனக் கருதப்படுகிறது’ என்று போடுங்கள். இரண்டும் உறுதி இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, அவர் கட்டிய பாலத்தின் படத்தைப் போட்டுவிடுங்கள்.